டைரக்டரி தளத்தில் என்ன கோளாறு? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கடைகளையும் சேவை தருபவர்களையும் பட்டியலிடும் டைரக்டரி தளம் ஒன்றை, நிரல் எழுதத் தெரியாதவரும் இன்று இரண்டு மூன்று நாளில் எழுப்பிவிடலாம். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஜியோடைரக்டரி, டைரக்டரிஸ்ட், ஹைவ்பிரஸ் போன்ற பிளகின்கள், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள், இருக்கின்றன. வேர்ட்பிரஸே வேண்டாம் என்பவர்கள் ஏர்டேபிள் என்ற இணையச் சேவையில் தகவல்களை அட்டவணையாகப் போட்டு, அதைத் தளமாகக் காட்டும் சாஃப்டர் என்ற கருவியை அதன் மேல் வைத்துத் தளம் அமைக்கிறார்கள். தொல்லைகள் தொடங்குவது அதற்குப் பிறகுதான். கூகுளில் தளம் வருவதில்லை, தமிழில் தேடினால் கடை கிடைப்பதில்லை, வரைபடம் கறுத்துப்போகிறது, ஆட்கள் வருகிறார்கள், காசு வருவதில்லை.

விளக்க வசதிக்காக ஒரே தளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் தையல் இயந்திரம், மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர்களின் டைரக்டரி அது. உங்கள் தளம் பாட்டு வகுப்புகளைப் பற்றியதாகவோ பழைய புத்தகக் கடைகளைப் பற்றியதாகவோ இருக்கலாம். அறிகுறிகள் பெரும்பாலும் இவைதாம். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, உங்கள் அறிகுறி இருக்கும் இடத்துக்கு நேரே போகலாம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வருமானம் இல்லை என்பதுதான் உங்கள் குறை என்றாலும், முதலில் தகவல்களைப் பற்றிய பகுதிகளைப் படித்துவிடுங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தளத்தின் பெயரைத் தேடினாலும் கூகுளில் வரவில்லை

வேர்ட்பிரஸ் தளம் என்றால் அமைப்புகளில் 'வாசித்தல்' பக்கத்தைத் திறங்கள். இந்தத் தளத்தைத் தேடுபொறிகள் அட்டவணைப்படுத்த வேண்டாம், அதாவது தங்கள் தேடல் பட்டியலில் சேர்க்க வேண்டாம், என்று சொல்லும் பெட்டி ஒன்று அங்கே இருக்கும். கட்டுமானத்தின்போது அதில் டிக் போட்டுவிட்டுப் பிறகு எடுக்காமல் விடுவது மிகச் சாதாரணம். டிக்கை எடுத்துவிட்டு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை (தளப் பக்கங்களின் பட்டியல் கோப்பை) கொடுங்கள். புதிய டொமைன் என்றால் சில நாட்கள் பொறுக்க வேண்டும்.

முகப்பு வருகிறது, கடைப் பக்கங்கள் வரவில்லை

சர்ச் கன்சோலில் பக்கங்களின் அறிக்கையைப் பாருங்கள். இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படும். ஒன்று, பக்கம் கண்டறியப்பட்டது, இன்னும் அட்டவணைப்படுத்தப்படவில்லை என்பது. மற்றொன்று, பக்கத்தைப் படித்தாயிற்று, ஆனாலும் அட்டவணைப்படுத்தவில்லை என்பது. முதலாவதில் கூகுள் இன்னும் உங்கள் பக்கத்தைத் திறக்கவே இல்லை. இரண்டாவதில் திறந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறது. இரண்டாவதுதான் கவலைக்குரியது.

டைரக்டரி தளங்களில் இதற்கு முதன்மைக் காரணம் வெற்றுப் பக்கங்கள். பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் பத்து வகைப் பழுதுவேலை என்று பக்கங்களைத் தானாக உருவாக்கச் சொன்னால், ஒரே சொடுக்கில் 2,000 பக்கங்கள் பிறந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு கடைகூட இருக்காது. இருக்கும் பக்கங்களிலும் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிய ஒரே பத்திதான் இருக்கும். இப்படித் தேடல் வரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்தது. மனிதர் எழுதினாலும் ஏஐ எழுதினாலும் விதி ஒன்றுதான்.

மூன்று கடைகளாவது இல்லாத இடப் பக்கத்தை நோஇன்டெக்ஸில், அதாவது தேடுபொறி அட்டவணைப்படுத்தாத நிலையில், வையுங்கள். கடைகள் சேர்ந்தபின் திறந்துவிடலாம். மூன்று என்பது கூகுள் சொன்ன எண் இல்லை. வாசகருக்கு ஒப்பிட்டுப் பார்க்கவாவது ஏதேனும் இருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்ட அளவு. வடிகட்டிகளையும் கவனியுங்கள். 'இப்போது திறந்திருக்கும்', 'வீட்டுக்கு வருவார்', 'விலை வரிசை' ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு தனி முகவரி உண்டாகும். அத்தனையையும் கூகுள் படிக்கத் தொடங்கினால், உண்மையான கடைப் பக்கங்கள் பின்வரிசைக்குப் போய்விடும். வடிகட்டிய முகவரிகள் அட்டவணைக்குப் போகாதபடி டைரக்டரி பிளகினிலோ, தேடலில் தளம் தெரிய உதவும் எஸ்இஓ பிளகினிலோ தடுத்துவிடுங்கள்.

கடைப் பக்கத்திலும் பெயர், முகவரி, எண் மட்டும் இருந்தால் போதாது. அவை எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. எந்தப் பிராண்டின் இயந்திரங்களைப் பார்ப்பார், பழைய கால்மிதித் தையல் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வைத்திருக்கிறாரா, வீட்டுக்கு வந்தால் வருகைக் கட்டணம் உண்டா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பாரா என்பவை ஒருவர் போன் செய்து கேட்டால்தான் தெரியும். அந்த வேலையைச் செய்யும் தளத்துக்குத்தான் வாசகரும் திரும்ப வருவார், கூகுளும் இடம் கொடுக்கும். கூகுள் மேப்ஸிலிருந்து மொத்தமாக அள்ளி எடுத்துப் போடுவது அந்த நிறுவனத்தின் விதிகளுக்கே முரணானது. அதோடு, அள்ளிய தகவலில் உங்களுடையது என்று எதுவும் இருக்காது.

தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வருகின்றன

கடைப் பட்டியலை எக்செலில் இருந்து சிஎஸ்வி (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணை) கோப்பாகச் சேமித்து ஏற்றியிருப்பீர்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கூகுள் ஷீட்ஸிலிருந்தே சிஎஸ்வியாக இறக்குங்கள். யாரோ கொடுத்த பழைய பட்டியல் பாமினி, டிஎஸ்சிஐஐ போன்ற பழைய குறியாக்கத்தில் இருந்தால், ஏற்றுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

எழுத்து சரியாகத் தெரிகிறது. தேடினால் கடை கிடைக்கவில்லை

தமிழில் தளம் நடத்துபவர்கள் பலர் கவனிக்காத பழுது இது. கண்ணால் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொளத்தூர், கொரட்டூர், கோடம்பாக்கம், கோயம்பேடு என்று சென்னையில் ஒகர, ஓகார உயிர்மெய்யில் தொடங்கும் பகுதிகள் நிறைய. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு வகையில் சேமிக்க முடியும். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். இந்த இரண்டு வகையையும் ஒன்றாக்காமல் ஒப்பிடும் தேடல் பெட்டிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். பார்வையாளர் ஒரு வகையில் தட்டச்சு செய்ய, உங்கள் பட்டியலில் மற்ற வகை இருந்தால், கொளத்தூரில் கடை இருந்தும் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரும்.

கண்டுபிடிப்பது எளிது. கூகுள் ஷீட்ஸில் லென் சார்பால் சொல்லின் நீளத்தை அளந்து பாருங்கள். 'கொளத்தூர்' ஒரு வகையில் 9, மற்ற வகையில் 10 என்று காட்டும். சரிசெய்ய சப்ஸ்டிட்யூட் சார்பையும் யூனிசார் சார்பையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்: யூனிசார் 3014 (கொம்பு), 3006 (கால்) இரண்டும் அடுத்தடுத்து வருமிடத்தில் யூனிசார் 3018 (ஒகரக் குறி). ஓகாரத்துக்கு 3015, 3006 இருக்குமிடத்தில் 3019. 'கௌ' போன்ற எழுத்துகளில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ள என்ற எழுத்தையும் தட்டியிருப்பார்கள். அதையும் தனியே தேடித் திருத்துங்கள்.

கடைப் பெயர்களில் இன்னொரு கண்ணி 'ஸ்ரீ'. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' எழுத்து சேர்க்கப்பட்டது. அதன் பிறகு ஸ்ரீ என்பதை 'ஸ'வைக் கொண்டும் எழுதலாம், 'ஶ'வைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தெரியும். நம் நகரில் எத்தனை கடைகளின் பெயர் ஸ்ரீ-யில் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பட்டியல் முழுவதையும் ஏதேனும் ஒரு வகைக்கு மாற்றிவிடுங்கள். பார்வையாளர் மற்ற வகையில் தேடினாலும் கிடைக்கும்படி, கடைப் பதிவில் வாசகருக்குத் தெரியாத, தேடலுக்கு மட்டும் பயன்படும் தேடுசொற்களில் அந்த வகையையும் சேருங்கள்.

அதே தேடுசொல் கட்டத்தில் ஊர்ப்பெயரின் வேறு வழக்குகளையும் ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் போட்டுவையுங்கள். திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் என்று தேடுபவர் உண்டு. புரசைவாக்கம், திருவான்மியூர் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி உண்டு. பார்வையாளரைத் திருத்துவது நம் வேலை இல்லை. அவர் எப்படித் தேடினாலும் கடை கிடைக்க வேண்டும்.

பக்க முகவரி பாதியில் நிற்கிறது, கடைசியில் 2, 3 என்று எண் ஒட்டுகிறது

வேர்ட்பிரஸ் பக்கத்தின் முகவரிச் சொல்லுக்கு 200 இடங்கள்தான் ஒதுக்குகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் (எழுத்து, புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியே) முகவரியில் 9 இடங்களைப் பிடிக்கும். ஆக மொத்தம் சுமார் 22 குறிகள். 'சைதாப்பேட்டை தையல் இயந்திரம் பழுது' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'சைதாப்பேட்டை-தையல்-இயந்த' என்பதோடு நின்றுவிடும். அடுத்த சைதாப்பேட்டைக் கடையும் அதே இடத்தில் வெட்டுப்படுவதால் எண் ஒட்டிக்கொள்கிறது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரிச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக நீங்களே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போதும் அது நீளமான குறியீட்டு வரிசையாக மாறாது. தளம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றம் வைக்காமல் மாற்ற வேண்டாம்.

ஒரே கடை இரண்டு முறை வருகிறது

சென்னைக் கதவுகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்தே எழுதியிருக்கும். ஒருவர் பழைய எண்ணைத் தருகிறார், மற்றவர் புதியதைத் தருகிறார். தளத்தில் இரண்டு கடைகள் பிறக்கின்றன. ஆகவே முகவரியை வைத்து இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். தொலைபேசி எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள சுழியம், நாட்டுக் குறியீடு, நடுவில் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் நீக்கி, பத்து இலக்கங்களை மட்டும் தனி நெடுவரிசையில் வைத்தால், ஷீட்ஸில் ஒரு கவுன்ட்இஃப் சார்பு இரட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் படிவத்தில் தனிக் கட்டங்கள் வையுங்கள். தபால்காரருக்கு எது வேண்டும் என்பது அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

வரைபடம் கறுத்திருக்கிறது, அல்லது கடை தவறான இடத்தில் நிற்கிறது

கறுத்த வரைபடத்தின் மேல் மேம்பாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற பொருளில் ஆங்கில வாசகம் திரும்பத் திரும்ப வந்தால், கூகுள் மேப்ஸ் ஏபிஐ சாவியிலோ (வரைபடத்தைத் தளத்தில் காட்டக் கூகுள் தரும் அனுமதிக் குறியீடு) பில்லிங் கணக்கிலோ கோளாறு. சாவி சரியா, பில்லிங் இணைந்திருக்கிறதா, நீங்கள் வைத்த தினசரி வரம்பு தாண்டிவிட்டதா என்று பாருங்கள். சாவியை உங்கள் டொமைனில் மட்டும் வேலை செய்யும்படி கட்டுப்படுத்துவதும் அவசியம். இல்லையென்றால் வேறு யாரோ பயன்படுத்த, கட்டணம் உங்கள் தலையில் விழும். சிறிய தளத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமே போதும் என்பது என் கருத்து. ஜியோடைரக்டரியில் அதைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பங்களிப்பாளர்களுக்கு நன்றி தெரிவிக்கும் வரியை நீக்கிவிடாதீர்கள்.

கடை வேறிடத்தில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தெருப்பெயர். பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் இல்லாத பகுதி இங்கே அரிது. வெறும் தெருப்பெயரைக் கொடுத்தால் மென்பொருள் தனக்குத் தோன்றிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பகுதியும் பின்கோடும் இல்லாமல் எந்த முகவரியையும் ஏற்றாதீர்கள். அப்போதும் தவறினால் கடைக்காரரையே வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பச் சொல்லுங்கள். வேறெந்த வழியையும்விட அது துல்லியம்.

நேற்று இருந்த படங்கள் இன்று இல்லை

ஏர்டேபிளில் ஏற்றிய படத்தின் இணைப்பை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டியிருந்தால் இப்படி ஆகும். அந்த இணைப்புகள் சில மணி நேரத்தில் காலாவதியாகும்படி 2022இலேயே மாற்றிவிட்டார்கள். படங்களைத் தளத்தின் சொந்த ஊடகப் பகுதியில் வையுங்கள். ஏர்டேபிளுடன் நேரடியாக இணையும் சாஃப்டர் போன்ற கருவியில் இந்தச் சிக்கல் எழாது.

பார்வையாளர்கள் வருகிறார்கள், கடைக்காரர் பணம் கட்ட மறுக்கிறார்

அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. தளத்துக்கு வருபவர்களை எண்ணும் உங்கள் அனலிடிக்ஸ் கணக்கில் ஏறும் எண்கள் அவருக்குத் தெரியாது. கடையில் போன் அடிக்கிறது; அது உங்கள் தளத்திலிருந்து வந்ததா, தெருமுனைப் பலகையைப் பார்த்து வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் திருத்தம்: ஒவ்வொரு கடைப் பக்கத்திலும் வாட்ஸ்அப் பொத்தான் வைத்து, அதில் முன்னரே எழுதிய செய்தியைச் சேருங்கள். 'வணக்கம், உங்கள் கடையை இந்தத் தளத்தில் பார்த்தேன், தையல் இயந்திரம் பழுதாகியிருக்கிறது' என்று தளத்தின் பெயரோடு செய்தி போனால், கடைக்காரர் தன் சொந்தப் போனில் தன் கண்ணால் பார்ப்பார். நீங்கள் அனுப்பும் எந்த அறிக்கையும் இதற்கு ஈடாகாது. தொலைபேசிப் பொத்தானை அழுத்தியவர்களையும் எண்ணுங்கள். கூகுள் அனலிடிக்ஸ் 4 அதைத் தானாக எண்ணாது. கூகுளின் டேக் மேனேஜர் கருவியில், பொத்தானை அழுத்தும்போது கணக்கில் ஏறும்படி தனி டிரிகர் அமைக்க வேண்டும்.

இரண்டாவது, எதை விற்கிறீர்கள் என்று பாருங்கள். பெயரைச் சேர்ப்பதற்கே கட்டணம் கேட்டால் பட்டியல் வளராது. காலியான பட்டியலுக்கு வாசகரும் வரமாட்டார். அடிப்படைப் பதிவு எப்போதும் இலவசமாக இருக்கட்டும். கட்டணம் பட்டியலின் மேலிடத்துக்கும் கூடுதல் படங்களுக்கும் நேரடி விசாரணைகளுக்கும் இருக்கட்டும். ஒரு பழுதுவேலையில் அவருக்கு என்ன மிஞ்சும் என்று விசாரியுங்கள்; மாதக் கட்டணம் அதைத் தாண்டினால் அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடுவார். மேலிடத்தை விற்கும்போது 'விளம்பரம்' என்று தெளிவாக எழுதுங்கள். காசு கொடுத்தவரை 'சிறந்தவர்' என்று காட்டினால் வாசகரை ஏமாற்றுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022இல் வந்த தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களையும் மீறுகிறோம்.

எப்போது போய்க் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தண்ணீர் புகுந்த மோட்டார்களுக்கும் மின்சாதனங்களுக்கும் அதன் பிறகுதான் ஆள் தேடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் உங்கள் தளத்தில் உள்ள எண்ணை அழைத்து, அது உபயோகத்தில் இல்லை என்று கேட்டவர் திரும்ப வரமாட்டார். ஆகவே செப்டம்பருக்குள் எல்லா எண்களையும் அழைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்த்த தேதியைப் போடுங்கள். சரிபார்க்க அழைக்கும் அந்த உரையாடலே மேலிடத்தைப் பற்றிப் பேசவும் ஏற்றது. கடைக்காரருக்கு நீங்கள் ஏற்கெனவே ஓர் உதவி செய்திருப்பீர்கள். எல்லா எண்களுக்கும் மொத்தமாக வாட்ஸ்அப் விளம்பரம் அனுப்பினால் உங்கள் எண் முடக்கப்படும் அபாயம் உண்டு.

தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸை நம்பி இருக்கிறீர்கள் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பக்கங்களை அது 2018 முதல் ஏற்கிறது. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பும். நகர அளவிலான ஒரு சிறு தளத்துக்கு அதுவே நீண்ட காலம் பிடிக்கலாம். 'குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்' என்று விண்ணப்பம் திரும்பினால், மேலே சொன்ன வெற்றுப் பக்கங்களின் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். நோய் அதேதான்.

பணம் வாங்கும் கணக்குக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. கிடைத்தும் அடுத்த மாதக் கட்டணம் வரவில்லை

ரேசர்பே போன்ற கட்டண நுழைவாயில்கள் ஒப்புதலுக்கு முன் தளத்தைத் திறந்து பார்க்கின்றன. தொடர்பு விவரம், தனியுரிமைக் கொள்கை, விதிமுறைகள், பணம் திருப்பும் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா, சேவையின் விலை தெரிகிறதா என்று சரிபாருங்கள். ஆரம்பத்தில் இந்தக் கணக்குகூடத் தேவையில்லை; யுபிஐயில் வாங்கி ரசீது கொடுத்தால் போதும்.

மாதச் சந்தா தானாக வசூலாகாமல் போனால், ரிசர்வ் வங்கியின் விதிகளை நினைவில் வையுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். 2022 ஜூன் முதல் 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டே பலர் ரத்து செய்கிறார்கள். சிறு கடைக்காரரிடம் ஆண்டுக் கட்டணமாக ஒரே தடவை வாங்குவது இரு தரப்புக்கும் எளிது. ஆயுத பூஜை, பொங்கல் வாரங்களில் புதுப்பிப்பு வராதபடி தேதியை அமையுங்கள். அப்போது அவருக்குக் கடைச் செலவே அதிகம். சேவை வழங்குபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. அதை நெருங்கும் முன்பே கணக்காயரைப் பாருங்கள்.

'என் எண்ணை எடுத்துவிடுங்கள்' என்று அழைப்பு வருகிறது

உடனே எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண் தையல்காரருக்கு அவருடைய கைப்பேசிதான் கடை, அதுவேதான் அவருடைய அந்தரங்கமும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாக வைத்து எழுதப்பட்டது. சேர்க்கும்போதே ஒப்புதல் கேட்டு, கேட்ட தேதியைக் குறித்துவைத்தால் இந்த அழைப்புகள் குறையும். முழு முகவரி வேண்டாம் என்பவருக்குப் பகுதியின் பெயரையும் பின்கோடையும் மட்டும் காட்டுங்கள். விசாரணை ஒரு படிவம் வழியாகப் போகட்டும்.

விமர்சனத்தை நீக்கச் சொல்லி வரும் அழைப்பு வேறு வகை. அங்கே அவசரப்படக் கூடாது. விமர்சனம் எழுதியவர் உண்மையான வாடிக்கையாளர்தானா என்பதற்கு மின்னஞ்சலோ ஓடிபியோ வைத்துச் சரிபார்த்திருந்தால், கடைக்காரருக்குப் பதில் எழுதும் இடம் கொடுத்துவிட்டு, விமர்சனத்தை அப்படியே விட்டுவிடலாம். இணைய விமர்சனங்களைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்து, உங்கள் விமர்சனக் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதி, கடைப் பதிவுப் படிவத்திலேயே அதற்கு இணைப்புக் கொடுங்கள். கட்டணம் செலுத்தும் கடைக்கும் இலவசப் பதிவில் இருக்கும் கடைக்கும் அந்தக் கொள்கை ஒன்றாகவே இருக்க வேண்டும்.